நடுவில் வைத்த உருண்டை

“யம்மா, எடது கையால வாணாம்மா. நல்ல காரியம்.”

இராஜமாணிக்கம் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கைகூப்பாத குறையாகத்தான் சொன்னார். நல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. மூத்த மகள் கனிமொழி பேருக்கு ஒரு வீட்டுமனையைத் தானமாக எழுதிக் கொடுக்க, வெளுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக விருத்தாசலத்துக்கு வந்திருந்தார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருக்கும் திருமாலின் பத்திரம் எழுதும் கடையில், கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அன்புக்கரசி சட்டென்று இடது கையை மௌசிலிருந்து எடுத்தாள். கட்சிக்காரர் பார்க்காத நேரத்தில் மட்டும் இடது கையால் மௌசை நகர்த்துவது என்று அவள் தனக்குள் வைத்திருந்த ஒப்பந்தம், ஆனி மாசத்தின் கடைசி முகூர்த்த நாள் கூட்டத்தில் கை நழுவிப் போயிருந்தது. “சரிங்கய்யா” என்று சொல்லி மௌசை வலப்பக்கம் மாற்றிக்கொண்டாள்.

வலது கட்டைவிரல் மணிக்கட்டில் வந்து சேர்கிற இடத்தில்தான் கோளாறு. மிளகாய் அரைத்த கையை வெந்நீரில் விட்டதுபோல ஓர் எரிச்சல், அங்கிருந்து முழங்கை வரைக்கும் ஓடும். மூன்று மாதமாக இருக்கிறது. எலும்பு டாக்டர் கட்டைவிரலை மடக்கிப் பார்த்துவிட்டு, இது தசைநாண் உறையின் வீக்கம், கைக்கு வேலையைக் குறை, குறைக்காவிட்டால் ஊசி, ஊசிக்கும் அடங்காவிட்டால் கத்தி என்று சொல்லியிருந்தார். பத்திரம் டைப் அடிக்கிறவளிடம் கைக்கு வேலையைக் குறை என்றால் மீனிடம் தண்ணீரைக் குறை என்பது மாதிரிதான். அவள் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கடையில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றைக்குச் செய்யவேண்டியிருந்தது பெரிய வேலையும் கிடையாது. பத்திரம் முந்தின நாளே முடிந்து, சரிபார்த்து வைத்தது. தேதியையும் சாட்சி ஒருவரின் பெயரையும் மாற்றவேண்டும், அவ்வளவுதான். வலது கையால் பக்கத்தைக் கீழே இறக்கிக்கொண்டு போனபோது கட்டைவிரல் ஒரு வெட்டு வெட்டியது. விரல் பொத்தானை விடவில்லை, கை மட்டும் துள்ளியது. திரையில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அவள் உற்றுப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. வெள்ளைத்தாளில் ஒரு படி எடுத்துத் திருமாலிடம் நீட்டினாள்.

திருமாலுக்கு ஒரு வழக்கம் உண்டு. முத்திரைத்தாளில் ஏற்றுவதற்கு முன்னால் வெள்ளைத்தாள் படியை வைத்துக்கொண்டு, கட்சிக்காரரைக் கிழக்குப் பார்க்க நிற்கச் சொல்லி, முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசிப்பார். “உங்க மனைக்கு நடுவுல நிக்கிறதா நெனச்சுக்குங்க” என்பார். அந்த வரிசையில் இருக்கிற மற்ற எழுத்தர்கள் இதைக் கதாகாலட்சேபம் என்று கேலி செய்வார்கள். ஒரு பத்திரத்துக்கு இவர் எடுத்துக்கொள்கிற நேரத்தில் நாங்கள் மூன்று முடித்துவிடுவோம் என்பார்கள். அன்புக்கரசியே மனசுக்குள் எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

இராஜமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திருமால் நான்கெல்லைக்கு வந்தார். “கிழக்கில் வாய்க்கால். மேற்கில் ராஜாம்பாள் மனை. தெற்கில் தெரு. வடக்கில்...”

“இருங்க இருங்க.” இராஜமாணிக்கம் கண்ணைத் திறக்கவில்லை. வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினார். “வாய்க்கா இந்தாண்ட இருக்குது, தெக்கால. ராஜாம்பாளு எனக்கு நேரெதுர்ல. தெருவு முதுவுக்குப் பின்னால.” பிறகு கண்ணைத் திறந்து திருமாலைப் பார்த்தார். “மனைய ஆரு சாமி சுத்தி வெச்சது?”

வாசலில் நின்ற சாட்சிகள் சிரித்துவிட்டார்கள். அன்புக்கரசி திரையைப் பார்த்தாள். மூன்றாவது வரியிலிருந்த வாய்க்கால், அவள் கை துள்ளியபோது இழுபட்டுப் போய் முதல் வரியில் உட்கார்ந்திருந்தது. மற்ற இரண்டும் ஒவ்வோர் இடம் கீழே இறங்கியிருந்தன. பதினேழு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு அவள் கையிலிருந்து போனதில்லை. அது முத்திரைத்தாளில் ஏறி, கையெழுத்தாகி, பதிவாகியிருந்தால் கனிமொழிக்கு மனை ஓரிடத்திலும் பத்திரம் ஓரிடத்திலுமாக இருந்திருக்கும். பிழைதிருத்தல் பத்திரம் போடவேண்டும், பக்கத்து மனைக்காரி ராஜாம்பாளிடம் போய் நிற்கவேண்டும், திருமாலின் லைசென்சுக்குக் கெட்ட பெயர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. திருமால் தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

உடனே திருத்திக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனால் இராஜமாணிக்கத்துக்கு மனம் ஒப்பவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பொண்ணுக்குக் குடுக்கறது. ஆடி போவட்டும், ஆவணியில மொத முகூர்த்தத்துல வரேன்” என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டே குரலைத் தணித்துத் திருமாலிடம் கேட்டார். “அன்னைக்கும் இந்தப் பொண்ணுதான் அடிக்குமா?” குரலைத் தணித்தாலும் வயற்காட்டுக் குரல், நன்றாகவே கேட்டது. “பாக்கலாங்க” என்றார் திருமால்.

மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு திருமால் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “என்னா ஆச்சு அன்பு?”

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்று மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது, அந்த ஒரு கேள்விக்கு மடை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. கையைக் காட்டினாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இடது கையால் திருட்டுத்தனமாக மௌஸ் பிடித்ததையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

“வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னா?”

“வேற ஆளு போட்டுடுவீங்கன்னு பயம் சார்.”

“சரியாவலன்னா போட்டுத்தான் ஆவணும்” என்றார் திருமால். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். “பத்திரத்துல எழுத்து நவுந்தா ஒரு குடும்பமே நவுந்துடும். ஆடி பூரா டைம்மு இருக்குது, ஈ ஓட்டப் போறோம். ஆவணியில அவரு வராரு. அன்னைக்கு நீ ஒக்காந்து தப்பில்லாம அடிச்சா, இந்தச் சீட்டு ஒன்னுதுதான். இல்லன்னா எனக்கும் வேற வழி இல்லம்மா.”

வேலை போனாலும் போகும் என்று நேருக்கு நேர் சொல்லப்பட்ட ஒருத்திக்கு அழுகைதான் வந்திருக்கவேண்டும். அவளுக்கோ உடம்பு லேசாக இருந்தது. இனிமேல் ஒளிக்கவேண்டாம் என்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டுக்குப் போகிற ஸ்ரீமுஷ்ணம் பஸ்சில் ஏறியதும், சென்னையிலிருக்கும் தம்பி அறிவழகனுக்குப் போன் போட்டாள்.

அறிவழகன் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். சம்பளத்தில் பாதியைக் கீபோர்டுகளில் போடுகிறவன் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்குப் பெண் பார்க்கப் போனால் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அன்புக்கரசிக்கு ஒரு குழப்பமே உண்டு. தோள்பட்டை வலிக்கிறது என்று சித்திரையில் அவள் சொன்னபோது, அவன்தான் இரண்டாகப் பிரிந்த கீபோர்டு ஒன்றை அனுப்பி வைத்தான். இடது பாதி ஒரு பக்கம், வலது பாதி ஒரு பக்கம், நடுவில் ஒரு ஒயர். கைகள் தோள் அகலத்துக்கு விரிந்து, நெஞ்சு நிமிர்ந்து உட்காரலாம். நடுவிலிருக்கிற ஓர் எழுத்தை இத்தனை வருஷமாகத் தப்பான கையால் அடித்துவந்திருக்கிறாள் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் வாரம் அந்த எழுத்து வரும்போதெல்லாம் விரல் வெறும் மேஜையைக் குத்தியது. தோள்வலி போய்விட்டது. ஆனால் கடைக்கு வருகிறவர்கள் விடவில்லை. “என்னாம்மா, ஒடைஞ்சு போச்சா?” என்று ஒருத்தர், “பத்திரம் எழுதற எடத்துல ரெண்டா பொளந்த சாமான வெக்கலாமா?” என்று இன்னொருத்தர். அதனால் கல்யாணச் சீர், கிரயம் என்று ஆள் வந்தால் இரண்டு பாதியையும் ஒட்டி வைத்துக்கொள்வாள். பாகப்பிரிவினைக்கு வந்தால் மட்டும் திருமால், “இன்னைக்கு பிரிச்சே வெய்யி, பொருத்தமா இருக்கும்” என்பார்.

அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “மௌசுதான்க்கா வில்லன். கீபோர்டு மாத்துனப்பவே அதையும் மாத்தியிருக்கணும், எம்மேல தப்பு” என்றான் அறிவழகன். பிறகு ராத்திரி சாப்பாட்டுக்குள் முப்பது லிங்க் அனுப்பினான். அவள் ஒன்றையும் திறக்கவில்லை. திறந்தாலும் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், சோப்பு டப்பாவுக்குக் கால் முளைத்த மாதிரி. “நேர்ல கொண்டாடா, தொட்டுப் பாக்காம நான் புடவகூட வாங்க மாட்டேன்” என்றாள்.

ஆடி பிறந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ரயிலில் ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினான். சிலது அவனுடையது, சிலது கூட வேலை செய்கிறவர்களிடம் இரவல். கட்டிலில் போர்வையை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். அவள் கடையிலிருந்து எடுத்துவந்திருந்த இரட்டைக் கீபோர்டை, மேஜையிலிருந்த வீட்டுக் கணினியில் மாட்டினான். பக்கத்து வீட்டு பாஞ்சாலை எட்டிப் பார்த்துவிட்டு, “வளையல் யாவாரமா தம்பி?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்புக்கரசி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் உட்காருவது போலத்தான் இருந்தது, ஆனால் இங்கே அவள்தான் மாப்பிள்ளை வீட்டார்.

முதலில் வந்தது செங்குத்து மௌஸ். கைகுலுக்குகிற மாதிரி பிடிக்கவேண்டும். பிடித்தாள். அவள் கை சின்னது. மலைமேல் ஏறி உட்கார்ந்த பல்லிபோல் விரல்கள் பொத்தானை எட்டாமல் நின்றன. எட்டிப் பிடித்தால் கட்டைவிரல் சுருக்கென்றது. வேண்டாம். அடுத்தது, பக்கவாட்டில் ஓர் உருண்டை பதித்தது. “இதத்தான்க்கா ஆபீஸ்ல பாதி பேரு வெச்சிருக்காங்க. கைய நவுத்தவே வேணாம். உருண்டைய உருட்டுனா போதும்.”

“எந்த வெரலால உருட்டணும்?”

“கட்டவெரலால.”

“எனக்கு வலியே அதுலதாண்டா.”

அறிவழகன் அதைப் பைக்குள் வைத்தான். முப்பது லிங்க்கில் பன்னிரண்டு அந்த ஜாதிதான் என்பது பிறகு தெரிந்தது. அடுத்து எடுத்தது காலால் மிதிக்கிற கட்டை. தையல் மிஷின் பெடல் மாதிரி இருந்தது. மிதித்தால் கிளிக் ஆகும் என்று அவன் ஆசையாக விளக்கினான். அன்புக்கரசி அதைத் தொடவே இல்லை. “எடது கையால தொட்டதுக்கே மனுசன் எந்திரிச்சுப் போயிட்டாரு. காலால பத்திரம் போட்டா ரிஜிஸ்டர் ஆபீஸ் வரிசையே எரிஞ்சுடும்” என்றாள். அவன் சிரித்துச் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். தொடுபலகை ஒன்று இருந்தது. வழவழவென்று நன்றாகத்தான் போயிற்று, அரைமணி நேரம். கடையில் ஏசி கிடையாது, விரல் வேர்த்தால் அது மக்கர் பண்ணும், தட்டினால் ஒரு சமயம் கேட்கும், ஒரு சமயம் கேட்காது என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். அதுவும் பைக்குள் போயிற்று.

கடைசியில் மிச்சமிருந்தது ஒரு தட்டையான பெட்டி. நடுவில் எலுமிச்சையைவிடப் பெரியதாக ஒரு சிவப்பு உருண்டை. சுற்றி நான்கு மூலைக்கும் நான்கு பொத்தான். உருண்டையை மூன்று விரலால் வருடினால் அம்புக்குறி ஓடுகிறது. கட்டைவிரல் சும்மா கிடக்கலாம். இதைப் பிடித்தபோது அன்புக்கரசிக்கு வலிக்கவில்லை. ஆனால் அம்புக்குறி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி திரை முழுக்கத் துள்ளியது. கீபோர்டின் வலது பாதிக்கும் அந்தப் பக்கம் அதை வைத்துக்கொண்டு, கையை நீட்டி நீட்டி உருட்டியதில் பத்து நிமிஷத்தில் தோள் கடுக்கத் தொடங்கியது. “இதுவும் வாணாம் போலருக்குதுடா” என்றாள். குரல் இறங்கிவிட்டது. ஆடி முடிய மூன்று வாரம்கூட இல்லை.

அப்போதுதான் காத்தவராயன் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தான். அவள் புருஷன். பீங்கான் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டை அச்சு அடிக்கிற வேலை. முழங்கை வரைக்கும் மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. வாசல் குழாயில் கையைக் கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே இவர்கள் செய்வதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான். கணினி பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“அது ஏன் அங்க தள்ளி வெச்சிருக்குற?”

“மௌசு எப்பவும் சோத்துக்கை பக்கந்தான மாமா” என்றான் அறிவழகன்.

“நடுவுல அவ்ளோ எடம் சும்மா கெடக்குது. அங்க வெச்சா என்னா?”

அறிவழகன் கீபோர்டைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பாதிக்கும் நடுவில், ஒரு தாம்பாளம் வைக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. இத்தனை சாமான் வாங்கி, இத்தனை வீடியோ பார்த்து, அக்காளுக்கு முப்பது லிங்க் அனுப்பியவனுக்கு அது கண்ணில் படவில்லை. உருண்டைப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தான். அன்புக்கரசி இரண்டு கையையும் எழுத்துகள் மேல் வைத்தாள். அங்கிருந்து நாலு விரல் நகர்ந்தால் உருண்டை. எந்தக் கைக்கும் அதே தூரம். வலது கையால் உருட்டி இடது கையால் பொத்தானை அழுத்தினாள். பிறகு இடது கையால் உருட்டி வலது கையால் அழுத்தினாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே கைகள் ஒன்றுக்கொன்று ஒத்தாசை செய்துகொண்டன. “யப்பா” என்று ஒரு பெருமூச்சு வந்தது அவளிடமிருந்து.

“மணிக்கட்டு முறுக்கிக்குது பாரு” என்று சொல்லிவிட்டு காத்தவராயன் வெளியே போனான். சைக்கிள் பையிலிருந்து, சூளையில் கோணிப்போய்க் கழித்துப் போட்ட நாலு பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை எடுத்துவந்து, கீபோர்டு பாதிகளின் உள்பக்க ஓரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தான். இரண்டு பாதியும் கூரைச் சரிவு மாதிரி நின்றன. இதற்கென்றே விற்கிற தாங்கியை இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருப்பதாக அறிவழகன் சொன்னான். “இது சும்மாத்தான் கெடக்குது, வேணும்னா நீயும் நாலு எடுத்துட்டுப் போ” என்றான் காத்தவராயன்.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அறிவழகன் இன்னொன்றும் செய்தான். எழுத்தைப் பிடித்து இழுத்தால் அது இடம் மாறுகிற வசதியை எங்கேயோ உள்ளே போய் அணைத்து வைத்தான். “இப்படி ஒண்ணு இருக்குதா? இத நிறுத்த முடியுமா?” என்று அன்புக்கரசி கேட்டாள். நிறுத்தலாம், முதல் நாளிலிருந்தே நிறுத்தியிருக்கலாம். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைக் கணினியிலும் அதை எப்படி நிறுத்துவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

ஆடியை ஊரே திட்டும். கிரயம் இல்லை, கல்யாணம் இல்லை, கடை வரிசையில் எழுத்தர்கள் தினத்தாளை விளம்பரம் உட்பட வாசித்து முடிப்பார்கள். அன்புக்கரசிக்கு மட்டும் அந்த ஆடி தெய்வமாகப் பார்த்துக் கொடுத்த லீவு. பழைய பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு அடித்துப் பழகினாள். கன்றுக்குட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தும்புக்கு அடங்கியது. வலது கை களைத்தால் இடது கை உருட்டும், இடது கை களைத்தால் வலது கை. திருமால் முதல் நாள் உருண்டையைப் பார்த்துவிட்டு, “என்னாம்மா இது, ஜோசியம் பாக்கற மாதிரி இருக்குது. எனக்கு நேரம் எப்படின்னு சொல்லு” என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து ஆளுக்கொரு தடவை உருட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எரிச்சல் முழுக்கப் போகவில்லை. ஆனால் முழங்கைவரை ஓடியது மணிக்கட்டோடு நின்றது, மணிக்கட்டில் நின்றது சில நாள் வராமலே இருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்ற பயம்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கடையில் நிற்க இடமில்லை. இராஜமாணிக்கம் இந்தத் தடவை கனிமொழியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்புக்கரசி அதே நாற்காலியில் இருப்பதைப் பார்த்தார், திருமாலைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். இன்றைக்கு மட்டும் இடது கை உருண்டைப் பக்கமே போகக்கூடாது என்று அவள் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தேதி, சாட்சி, கனிமொழியின் புது விலாசம் என்று ஒவ்வொன்றாக வலது கையாலேயே முடித்தாள். மனசு கொஞ்சம் நிம்மதியான அந்த நொடியில், இத்தனை வாரப் பழக்கம் தன் வேலையைக் காட்டிவிட்டது. இடது கை தானாகப் போய் உருண்டையை உருட்டியது.

“யம்மா” என்றார் இராஜமாணிக்கம்.

திருமால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்புக்கரசி தன் இடது கையைப் பார்த்தாள். கையை எடுத்துவிடலாம், சரிங்கய்யா என்று சொல்லலாம். எடுத்தால் நாளைக்கு வருகிறவருக்கும் எடுக்கவேண்டும், அதற்கடுத்தவருக்கும் எடுக்கவேண்டும், பழையபடி வலி, பழையபடி திருட்டுத்தனம். அவள் கையை எடுக்கவில்லை.

“ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேளும்மா.”

“இதுக்கு முன்னாடி பத்திரம் பதிஞ்சிருக்கீங்களா?”

“அஞ்சாறு பதிஞ்சிருக்கேன். எங்கப்பா பாகத்துலேர்ந்து.”

“ஆபீசு உள்ள எந்த வெரல வெக்கச் சொன்னாங்க?”

இராஜமாணிக்கம் யோசிக்கவே இல்லை. இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினார். காட்டிவிட்டு, தூக்கியது எந்தக் கை என்று அவரே பார்த்தார். இடது கை. கடை முழுக்க அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான பத்திரத்துக்கு இடது பெருவிரல் ரேகை வைக்க ஆளை அனுப்பியிருக்கிற திருமாலும், அதைப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த அன்புக்கரசியும்கூட இதை நினைத்துப் பார்த்ததில்லை. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோதுதான் அவளுக்கு அது உறைத்தது. உறைத்ததைச் சொல்லத் தைரியம் வரும் என்றுதான் அவள் நினைக்கவில்லை.

“அது கெவர்மெண்டு கேக்குது. நானா குடுக்குறேன்?” என்றார் இராஜமாணிக்கம். ஆனால் விரலை இன்னும் இறக்கவில்லை.

“எனக்குச் சோத்துக்கை வலிங்கய்யா. அன்னைக்கு ஒங்க மனைய சுத்தி வெச்சது அந்த வலிதான். இந்தக் கை அதுக்குத் தொணைக்கு வருது, அவ்ளோதான்.”

கனிமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “அப்பா, அந்தக்கா அடிக்கட்டும்பா” என்றாள். இராஜமாணிக்கம் மகளைப் பார்த்தார், உருண்டையைப் பார்த்தார். வரப்புத் தகராறில் சமாதானத்துக்கு வருகிறவர்போல மெல்லத் தலையாட்டினார். “சரி, உருட்டும்மா. ஆனா ஒண்ணு. கடசிப் புள்ளிய மட்டும் சோத்துக்கையால வெச்சு முடி.”

“அப்படியே முடிக்கிறேங்கய்யா.”

முடித்தாள். வலது கை விரல் கடைசிப் புள்ளியை வைத்தபோது கட்டைவிரல் ஒன்றும் பேசவில்லை. திருமால் வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு, இராஜமாணிக்கத்தைக் கிழக்குப் பார்க்க நிற்க வைத்தார். இந்தத் தடவை கனிமொழியும் அப்பாவுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கிழக்கில் ராஜாம்பாள் மனை, மேற்கில் தெரு, தெற்கில் வாய்க்கால், வடக்கில் அம்புஜவல்லி வீடு. ஒவ்வொன்றுக்கும் இராஜமாணிக்கம் “உம்” கொட்டினார். நாலாவது “உம்” வந்ததும் அன்புக்கரசி அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். திருமால் முத்திரைத்தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவர் சொன்னது ஒரே வார்த்தைதான். “போடு.” பதினேழு வருஷத்தில் தினமும் சொல்கிற வார்த்தைதான், ஆனால் இனி அந்த நாற்காலியைப் பற்றிப் பேச்சில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். காத்தவராயனுக்கு வார லீவு. கொல்லையில் ஜமுக்காளத்தைத் துவைத்துப் போட்டு, பிழிந்துகொண்டிருந்தான். கனத்த ஜமுக்காளம், இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்தால்தான் பிழியமுடியும். மூன்று நான்கு மாதமாக அவன் ஒரு முனையை அடிபம்பின் கைப்பிடியில் சுற்றிக் கட்டிவிட்டு, மறுமுனையை முறுக்கிக்கொண்டிருக்கிறான். பாதித் தண்ணீர்கூட இறங்காது. இரண்டு நாள் கொடியில் கிடந்து நாறும். அவன் அதைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்புக்கரசி கைப்பையை வாசற்படியில் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், பம்பில் கட்டியிருந்த முனையை அவிழ்த்துத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். காத்தவராயன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைத்தான் பார்த்தான்.

“வலிச்சா வுட்டுடு” என்றான்.

“நீங்க வுடாம புடிங்க” என்றாள்.

அவன் ஒரு பக்கமாக முறுக்கினான், அவள் எதிர்ப்பக்கமாக முறுக்கினாள். ஜமுக்காளம் இருவருக்கும் நடுவில் சுருண்டு சுருண்டு இறுகி, விறைத்துக்கொண்டு நின்றது. முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. அவள் இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினாள். தண்ணீர் கொட்டி, செம்மண்ணில் பள்ளம் பறித்துக்கொண்டு வாழையடிக்கு ஓடியது.